கிரெட்டா எப்போது ஷேப் மாறும்? வைகாசிக் கல்யாணத்துக்கு முன் எடுக்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் அரிசி வியாபாரம் செய்கிறேன். 2017இல் எடுத்த ஹூண்டாய் கிரெட்டா 1.6 டீசல் இருக்கிறது. 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வைகாசியில் மகள் கல்யாணம். பிசானம் அறுப்பு முடிந்து பணம் கைக்கு வந்ததும் புதுக் கிரெட்டா எடுத்துவிடலாம் என்று திருநெல்வேலியில் போய் விசாரித்தேன். எக்ஸ்-ஷோரூம் பதினைந்தரை லட்சத்து வண்டிக்கு எண்பதாயிரம் தள்ளுபடி தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய வண்டியை 5,60,000க்கு எடுத்துக்கொள்வார்களாம். இங்கே ஒரு புரோக்கர் 6,10,000 கேட்கிறார். சென்னையில் இருக்கும் மகனோ, "இப்ப எடுக்காதீங்கப்பா, ஷேப் மாறப் போகுது" என்று தினமும் போட்டோ அனுப்புகிறான். ஷோரூம்காரர், "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அந்தப் பேச்சே இல்ல அண்ணாச்சி" என்கிறார். யாரை நம்ப? காத்திருந்தால் எத்தனை மாதம்? இதற்கு நடுவே, செகண்ட்ஸ் எடுத்தால் லாபம் என்கிறார் சம்பந்தி.

பதில்:

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ஷேப் மாறத்தான் போகிறது; ஆனால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குள் மாறாது. என் கணக்கில் அடுத்த கிரெட்டா 2027இல் வரும். கம்பெனி வாய் திறந்து தேதி சொல்லும்வரை யார் சொன்னாலும் கணிப்புதான். நான் சொல்வதும் அதில் சேர்த்திதான். ஆனாலும் காற்றுவாக்கில் வந்த பேச்சு வேறு, கணக்குப் போட்டுச் சொல்வது வேறு. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும்படி எழுதுகிறேன். காத்திருப்பதா வேண்டாமா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை சொல்ல, ஒரு வண்டியை எத்தனை வருஷம் வைத்து ஓட்டுகிறவர் நீங்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேதிகளை எடுத்துக்கொள்வோம். முதல் கிரெட்டா 2015 ஜூலையில் வந்தது. 2018 மே மாதம் ஃபேஸ்லிஃப்ட், அதாவது உடம்பு அதே, முகம் மட்டும் மாற்றம். 2020 மார்ச்சில் ஷேப்பே மாறியது. 2024 ஜனவரியில் அதற்கு ஒரு ஃபேஸ்லிஃப்ட். இப்போது ஷோரூமில் நிற்பது அதுதான். நாம் பார்க்க வேண்டியது, ஃபேஸ்லிஃப்ட் வந்த நாளிலிருந்து அடுத்த ஷேப் வருகிற நாள்வரை உள்ள இடைவெளியை. முதல் தடவை கிரெட்டாவுக்கு அது 1 வருஷம் 10 மாதம். அதே குடும்பத்து வண்டியான கியா செல்டோஸ் 2023 ஜூலையில் முகம் மாறி, 2026 ஜனவரியில் புது ஷேப்பில் விற்பனைக்கு வந்தது; இரண்டரை வருஷம். ஹூண்டாயின் சின்ன எஸ்.யு.வி.யான வென்யூ 2022 ஜூனில் முகம் மாறி 2025 நவம்பரில் ஷேப் மாறியது. 3 வருஷம் 5 மாதம். இந்த மூன்று இடைவெளியையும் 2024 ஜனவரியோடு கூட்டிப் பாருங்கள். முதல் கணக்கு 2025 நவம்பரோடு பொய்த்துப் போயிற்று. இரண்டாவது 2026 ஜூலையில் வந்து நிற்கிறது. மூன்றாவது 2027 ஜூன்.

நான் மூன்றாவது பக்கம் சாய்வதற்குக் காரணம் உண்டு. கிரெட்டாதான் ஹூண்டாய்க்கு இங்கே சோறு போடுகிற வண்டி. ஷேப் மாற்றுவதென்றால் பாடி அச்சுகளை மாற்ற வேண்டும், வெல்டிங் லைனை மாற்றி அமைக்க வேண்டும், பழசை இறக்கிப் புதுசை ஏற்றும்வரை உற்பத்தி குறையும். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் வண்டியில் அந்த நஷ்டத்தை எந்தக் கம்பெனியும் அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளாது. அதிலும் வென்யூவை மாற்றி முடித்த கையோடு செய்ய மாட்டார்கள். இரண்டாவது காரணம் சட்டம். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது நினைவிருக்கும். அதற்கு முந்தின மூன்று மாதத்தைப் பாருங்கள். ஜனவரியில் டாடா நெக்ஸான் முகம் மாறியது. பிப்ரவரியில் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசலை விட்டுவிட்டுப் பெட்ரோலுக்கு மாறியது. மார்ச்சில் கிரெட்டா ஷேப் மாறியது. எஞ்சினையும் புகைக்குழாய் அமைப்பையும் எப்படியும் மாற்றியாக வேண்டிய நேரத்தில் உடம்பையும் சேர்த்து மாற்றினால், சோதனையும் சான்றிதழும் ஒரே செலவில் முடியும். ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் எரிபொருள் செலவும் சராசரியாக ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு; அதன் அடுத்த கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்கத் திட்டமிடப்பட்டிருக்கிறது. 2030ஆம் நிதியாண்டுக்குள் 26 அறிமுகங்கள் என்று ஹூண்டாய் 2025 அக்டோபரில் முதலீட்டாளர்களிடம் சொன்னபோது, அதில் ஹைப்ரிட் வண்டிகளும் உண்டு என்றார்கள். நன்றாக விற்கும் பெரிய வண்டியில் ஹைப்ரிட் கொடுத்தால் சராசரி நன்றாக இறங்கும். ஆகவே அடுத்த கிரெட்டா ஹைப்ரிட்டையும் கூட்டிக்கொண்டு 2027இல் வரும் என்பது என் எண்ணம். கார் விஷயத்தில் வதந்தியைவிடச் சட்டத் தேதி நம்பகமானது என்று மகனிடம் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கை எல்லாக் கம்பெனிக்கும் அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. பிரெஸ்ஸா 2016 மார்ச்சில் வந்து 2022 ஜூனில்தான் ஷேப் மாறியது. நெக்ஸான் 2017இல் வந்த அடிப்படை உடம்பிலேயே 2020, 2023 என்று இரண்டு தடவை முகம் மாறி ஓடிக்கொண்டிருக்கிறது. மஹிந்திரா ஸ்கார்ப்பியோ 2002இல் வந்தது. புத்தம்புது ஸ்கார்ப்பியோ-என் வர 2022 ஆயிற்று. அப்போதும் பழசை நிறுத்தாமல் கிளாசிக் என்று பெயர் வைத்து விற்றார்கள். சில நேரம் பெயரே மாறிவிடும்: எக்ஸ்.யு.வி.300தான் 2024இல் 3எக்ஸ்ஓ ஆனது, எக்ஸ்.யு.வி.700தான் 2026 ஜனவரியில் 7எக்ஸ்ஓ ஆனது. ஐந்தாறு வருஷத்தை ஒட்டி ஷேப் மாற்றுகிற பழக்கம் ஹூண்டாய்க்கு உரியது.

இனி மகன் அனுப்பும் போட்டோக்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சோதனைக்கு ஓடுகிற வண்டியை மறைக்க ஒட்டும் கறுப்பு வெள்ளைச் சுருள் ஸ்டிக்கர் முன் பம்பர், விளக்கு, கிரில், பின்கதவு இவற்றில் மட்டும் ஒட்டியிருந்து பக்கத்துக் கதவுகள் வெறுமனே இருந்தால் அது ஃபேஸ்லிஃப்ட். கூரை, கதவு, தூண் இவற்றை அடிக்கிற அச்சுகள்தான் விலை உயர்ந்தவை; ஃபேஸ்லிஃப்டில் அவற்றைத் தொட மாட்டார்கள், அதனால் மறைக்கவும் வேண்டியதில்லை. கதவும் கூரையும் சேர்த்து மூடியிருந்தால் ஷேப் மாறுகிறது என்று அர்த்தம். அப்போதும் சந்தேகம் இருந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள்: பின்கதவுக் கண்ணாடி மேலே ஏறுகிற கோடு, முன் சக்கர வளைவுக்கும் முன்கதவு விளிம்புக்கும் நடுவே உள்ள தூரம், முன் கண்ணாடி பானட்டைத் தொடுகிற இடம். உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் இப்போதைய கிரெட்டாவை நிறுத்தி இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டால், ஸ்டிக்கருக்கு உள்ளே இருப்பதையும் கண் பிடித்துவிடும்.

அடுத்து விளக்கைப் பாருங்கள். ஓட்டை போட்ட உறைக்குள் ஏதோ தற்காலிக விளக்கு மாட்டியிருந்தால் அது ஆரம்பகாலச் சோதனை வண்டி. விற்பனைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். கடைசியில் வரப்போகிற விளக்கும் அலாய் வீலும் மாட்டி, ஸ்டிக்கர் மெலிந்து உடம்போடு ஒட்டியிருந்தால் ஒரு வருஷத்துக்கு உள்ளே. எங்கே எடுத்த படம் என்பதும் முக்கியம். கொரியாவில் ஓடுகிற வண்டி இங்கே அதே நேரத்தில், அதே உருவத்தில் வர வேண்டும் என்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு அருகில் எடுத்ததென்றால் மதிப்பு அதிகம். ஸ்டிக்கரே இல்லாமல் பளபளவென்று மலைச்சாரலில் நிற்கிற படங்கள் கம்ப்யூட்டரில் வரைந்தவை. பார்த்து ரசிக்கலாம், முடிவெடுக்க உதவாது.

போட்டோவைவிட நல்ல அடையாளம் ஷோரூமிலேயே கிடைக்கும். ஷேப் மாறப்போகிற வண்டிக்குக் கடைசி இரண்டு மூன்று மாதத்தில் ஃபேக்டரி ஆர்டர் நின்றுவிடும். அப்போது, "அந்தக் கலர் வராது, யார்டுல இருக்கிற வெள்ளை எடுத்துக்கிடுங்க" என்பார்கள். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் சொல்ற வேரியண்ட், நான் சொல்ற கலர், ஃபேக்டரிக்கு ஆர்டர் போட முடியுமா? போட்டா எந்த மாசத் தயாரிப்பு வரும்?" முடியும் என்று சொல்லி மாதத்தையும் சொன்னால், வண்டி இன்னும் முழு ஓட்டத்தில் இருக்கிறது. தள்ளுபடியை மட்டும் வைத்து ஷேப் மாறுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். இது 2026 மார்ச் மாதம், கணக்கு முடிக்க எல்லா டீலரும் தள்ளுபடி போடுவார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட "எத்தனை மாதம்" என்பதற்கு வருகிறேன். 2027 ஜூனில் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் புக் செய்தவர்களுக்குக்கூட வண்டி உடனே கிடைக்காது. ஸ்கார்ப்பியோ-என் புக்கிங் 2022 ஜூலை 30 அன்று திறந்தபோது அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பணம் கட்டினார்கள். பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் தள்ளுபடி என்ற பேச்சே இருக்காது. தீபாவளிக்கு வண்டி கைக்கு வரலாம். ஆனால் புது ஷேப்பின் முதல் ஆறு மாதத்து வண்டியை எடுக்காதீர்கள் என்பதுதான் என் எப்போதுமான ஆலோசனை. குறைகள் ரோட்டில் ஓடிய பிறகுதான் தெரியவரும். எக்ஸ்.யு.வி.700ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரான 1,08,306 வண்டிகளை, எஞ்சின் அறையில் ஒயரிங் உரசுகிறதா என்று பார்க்க 2023 ஆகஸ்டில் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி செலவில் சரி செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் புது வண்டியைத் திரும்பத் திரும்ப சர்வீஸுக்குக் கொண்டு நிறுத்துவது, அம்பையிலிருந்து நெல்லை வந்துபோகிற உங்களைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை. அந்த ஆறு மாதத்தையும் சேர்த்தால் 2028 தைதான் நல்ல நேரம். இன்றிலிருந்து ஏறக்குறைய 22 மாதம். மகன் சொல்கிற "கொஞ்சம் பொறுங்கள்" என்பதன் நீளம் இதுதான்.

காத்திருப்பதில் லாபம் இல்லாமல் இல்லை. புது செல்டோஸின் நீளம் 4,460 மில்லிமீட்டர், வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) 2,690. பழைய செல்டோஸில் இவை 4,365, 2,610. இப்போதைய கிரெட்டா 4,330 நீளம், 2,610 வீல்பேஸ். அடுத்த கிரெட்டாவும் அந்த அடித்தளத்தில்தான் உட்காரும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியானால் பின்சீட்டில் கால் நீட்ட எட்டு சென்டிமீட்டர் வரை கிடைக்கும். வண்டியும் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளும், ஆகவே வீட்டு ஷெட்டை அளந்து வையுங்கள். இரண்டாவது லாபம் பாதுகாப்பு. ஃபேஸ்லிஃப்டில் பம்பரும் ஸ்கிரீனும் மாறும். எலும்புக்கூடு முழுதாக மாறுவது புது ஷேப்பில்தான். 2022இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் கிரெட்டா பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 3 நட்சத்திரம் வாங்கியது. அன்று சோதித்தது இரண்டு ஏர்பேக் வண்டி. இப்போது எல்லா வேரியண்டிலும் ஆறு. இருந்தாலும் வீட்டில் யாராவது பாதுகாப்பு நட்சத்திரத்தை முதல் காரணமாகச் சொன்னால், காத்திருக்கச் சொல்வேன், அல்லது வேறு வண்டி பார்க்கச் சொல்வேன். அது நியாயமான காரணம்.

மற்றபடி உங்களுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் 2017இல் எடுத்ததை ஒன்பதாவது வருஷமாக ஓட்டுகிறீர்கள். மூன்று நாலு வருஷத்தில் மாற்றுகிறவருக்குத்தான் ஷேப் மாறுவது இடி. 2026இல் எடுத்து 2029இல் விற்கப் போனால் புரோக்கர் முதல் வார்த்தையே "பழைய ஷேப்பு" என்பார். அதில் ஒரு முக்கால் லட்சம் போகலாம். ஒன்பது வருஷம் வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் கரைந்துவிடும். உங்கள் பழைய வண்டியையே பாருங்கள்: அது பழைய ஷேப் ஆனது 2020லேயே. இறங்க வேண்டிய விலை அப்போதே இறங்கிவிட்டது. இப்போது கேட்கிற 6,10,000 வண்டியின் நிலைமைக்கும் கிலோமீட்டருக்கும் கிடைக்கிற விலை. அடுத்த ஷேப் வந்தாலும் அதற்காக இன்னொரு தடவை பெரிதாக இறங்காது. நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு, ஒரு ஷேப்பின் கடைசி ஓட்டத்தில் வருகிற வண்டிதான் நல்ல வாங்கல்: குறைகள் தெரிந்து சரியாகியிருக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம் இருக்கும், தள்ளுபடியும் பேசலாம்.

வாங்காமல் இருப்பதும் ஒரு வழிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 1.6 டீசல் எஞ்சினுக்கு 1,10,000 பெரிய வயசு இல்லை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுவதானால் க்ளட்ச் செட், முன்பக்க சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு, நாலு டயர், பேட்டரி இவற்றுக்கு ஒரு லட்சத்துக்குள் ஒதுக்குங்கள். கல்யாணச் செலவு கையைக் கடிக்கும் போலிருந்தால் தயங்காமல் இந்த வழியில் போகலாம்.

எடுப்பது என்று முடிவானால் பெட்ரோலா டீசலா என்பதைக் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தேதியைவிட இதில்தான் பணம் அதிகம் இருக்கிறது. உங்கள் ஓட்டம் வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், வண்டி 14 கொடுக்கும் என்றால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 29 காசு. டீசல் 93 ரூபாய், 18 கொடுக்கும் என்றால் 5 ரூபாய் 17 காசு. மிச்சம் 2 ரூபாய் 12 காசு. டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்தால், அதை மீட்க ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர், அதாவது ஆறு வருஷம் ஓட்ட வேண்டும். அதோடு இப்போதைய டீசலில் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. உங்கள் 2017 வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது. அம்பை பஜார், மில், வீடு என்று மூன்று நாலு கிலோமீட்டருக்குள்ளேயே ஓடினால் அது சூடேறாமல் அடைத்து விளக்கு எரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது நாலுவழிச் சாலையில் இருபது நிமிஷம் ஒரே சீராக ஓட்டினால்தான் கரி எரிந்து சுத்தமாகும். மாதாமாதம் சென்னை போகிறவராக இருந்தால் டீசல் எடுங்கள். இல்லையென்றால் சாதாரண 1.5 பெட்ரோல் போதும்.

இனி அந்த எண்பதாயிரம். இப்படிப்பட்ட தொகை பெரும்பாலும் நாலாகப் பிரிந்திருக்கும்: ரொக்கத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி, ஆக்ஸசரீஸ். எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சுக்கு 30,000, 30,000, 10,000, 10,000 என்று வைத்துக்கொள்வோம். கார்ப்பரேட் என்பது பட்டியலில் உள்ள கம்பெனி ஊழியருக்கு; சொந்த வியாபாரம் செய்கிற உங்களுக்கு வராது. ஆக்ஸசரீஸ் பத்தாயிரம் என்பது அவர்கள் போட்ட விலையில் மிதியடியும் சீட் கவரும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் வேண்டுமென்றால் வண்டியை அவர்களிடம் 5,60,000க்குக் கொடுக்க வேண்டும். வெளியே 6,10,000 கிடைக்கும்போது முப்பதாயிரத்துக்கு ஆசைப்பட்டு ஐம்பதாயிரத்தை விடுவது நஷ்டம். ஆக உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் தள்ளுபடி முப்பதாயிரம். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். வெளியே விற்றால் வாங்குபவரோடு சேர்ந்து, உரிமை மாற்றத்துக்கான பாரம் 29, 30 இரண்டையும் கையெழுத்துப் போட்டு முடித்து, ஆர்.சி. பெயர் மாறும்வரை விடாமல் பின்தொடருங்கள்; மாறாத வண்டி எங்கே மோதினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஆன்-ரோடு சீட்டில் இன்னும் இரண்டைப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேல், இருபது லட்சம் வரை உள்ள காருக்கு நம் மாநிலத்தில் லைஃப் டாக்ஸ் 18 சதவீதம். பதினைந்தரை லட்சத்துக்கு 2,79,000. புது ஷேப் எழுபதாயிரம் விலை கூடி வந்தால் வரியிலும் 12,600 கூடும். பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு டி.சி.எஸ். என்று 1 சதவீதம் பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ரசீதை ஆடிட்டரிடம் கொடுங்கள். வண்டியை வியாபாரக் கணக்கில் எடுப்பதானால், மார்ச் 31க்குள் ஓட்டத் தொடங்கிவிட்டால் இந்த நிதியாண்டுக்கே பாதித் தேய்மானம், அதாவது ஏழரை சதவீதம் எழுதலாம். இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் போட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வெளியே ஒரு விலை வாங்கிக் காட்டினாலே இறங்கி வருவார்கள்.

தயாரித்த மாதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மார்ச்சில் பெரிய தள்ளுபடி என்றால் யார்டில் போன வருஷத்து வண்டி நிற்கலாம். ஹூண்டாய் சேசிஸ் எண் 17 எழுத்து, எம்.ஏ.எல். என்று தொடங்கும். பத்தாவது எழுத்து வருஷத்தைச் சொல்லும்: ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025, அதற்கடுத்த டி என்றால் 2026. உறுதிப்படுத்த, வண்டியோடு கம்பெனி தருகிற தகுதிச் சான்றான பாரம் 22ஐக் கேளுங்கள். அதில் மாதமும் வருஷமும் இருக்கும். விற்கும்போது எல்லாரும் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு வருஷத்தைத்தான். ஆகவே 2025 வண்டி என்றால் நம் முப்பதாயிரத்துக்கு மேல் இன்னொரு அறுபதாயிரமாவது இறங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாலைந்து மாதம் வெயிலில் நின்ற வண்டி எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுக்கு அனுப்புவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். பதிவு ஆகிவிட்டால் பேச வாய் இருக்காது. முதலில் பேட்டரி. எஞ்சினை எழுப்புவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே என்றால் கால்வாசி இறங்கியிருக்கிறது, 12.2 என்றால் பாதி. சார்ஜ் இறங்கியே நின்ற பேட்டரியில் தகடு மேல் சல்ஃபேட் படிந்துவிடும். சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாலும் சீக்கிரம் கைவிடும், மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்து டயர் பக்கச்சுவரில் நாலு இலக்க எண்: 3525 என்றால் 2025இன் 35ஆவது வாரம். ஒரே இடத்தில் நின்ற டயர் தரையைத் தொட்ட பக்கம் தட்டையாகி, எண்பதில் போகும்போது ஸ்டியரிங்கில் அதிரும். பானட்டைத் திறந்து ஒயர்களை எலி கடித்திருக்கிறதா, காற்று ஃபில்டர் பெட்டிக்குள் கூடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் டிஸ்க்கில் லேசான துரு இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். பம்பர் ஓரத்திலும் கதவு விளிம்பிலும் பெயிண்ட் நிறம் மாறுகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். யார்டில் இடித்துப் பெயிண்ட் அடித்த வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

சம்பந்தி சொல்கிற செகண்ட்ஸ் விஷயம். 2024 ஃபேஸ்லிஃப்ட் வண்டி, 25,000 கிலோமீட்டருக்குள், புதுசு விலையில் கால்வாசிக்குக் குறையாமல் இறங்கிக் கிடைத்தால் எடுக்கலாம். அதைவிடக் குறைவான வித்தியாசத்துக்கு எடுப்பதில் பொருள் இல்லை. 2020 முதல் 2023 வரையான வண்டி என்றால் நம் பகுதியில் கூடுதல் கவனம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் நெல்லையிலும் தூத்துக்குடிப் பக்கமும் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவற்றில் சில சுத்தம் செய்து கைமாறி வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்: வெளியே தெரிகிற பகுதியைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் அடிப்பகுதியில் வண்டல் கோடு நிற்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தின் போல்ட், ஸ்டெப்னி கிடக்கும் குழி, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள இரும்புச் சட்டம் இவற்றில் துருவும் களிமண்ணும் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்து, உரிமையாளரையும் கூட வைத்துக்கொண்டு, பழைய வேலைகளின் விவரத்தைக் கேளுங்கள்.

கல்யாணம் இல்லை என்றால் ஆடி மாதம் வரை பொறுக்கச் சொல்லியிருப்பேன். அந்த மாதம் நம் ஊரில் டெலிவரி எடுக்கப் பலரும் தயங்குவார்கள், டீலர் தாராளமாக இறங்கி வருவார். இப்போதைக்கு மார்ச் கடைசி வாரத்தில், தயாரிப்பு 2026, தள்ளுபடி பிரித்து எழுதியது, இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புக்கிங் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: டெலிவரிக்கு முன் கம்பெனி புது ஷேப்பை அறிவித்தாலோ, சொன்ன மாதத் தயாரிப்பு வராவிட்டாலோ, கட்டிய பணம் பிடித்தம் இல்லாமல் திரும்ப வேண்டும் என்று. அதற்கு மேனேஜர் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்ட பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.